சேவல் இல்லாத வீட்டில் சேவல்

நகரத்துக்குள் கிராமத்தை வாடகைக்கு விடுவது இலேசான தொழில் இல்லை. கிராமம் நேரத்துக்குக் கூவ வேண்டும். வீட்டில் ஒரு அறையை விருந்தினருக்குத் திறந்துவிட்டு முழிக்கும் சக பாவிகளுக்கு இது விளங்கும். எங்கள் வீடு வவுனியா நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம், குளக்கட்டுக்குக் கீழே ஒரு ஒழுங்கையில். அம்மா இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தா: “நகரின் நடுவே அமைதியான கிராமம். சேவல் கூவி எழுப்பும்.” விருந்தினருக்காகத்தான் வீட்டுக்கு வைஃபையே வந்தது. ஆட்கள் வராவிட்டால் அறை அப்பாவின் நெல் மூட்டைகளுக்குப் போகும், வைஃபையும் போகும். பதினாறு வயதில் இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியாது.

அமைதி

முதலில் வந்தவர்கள் கொழும்பில் இருந்து ஒரு இளம் சோடி. பையை இறக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி வேலியடியில் நின்று தொடங்கிவிட்டா. “தம்பி எவ்விடம்? அம்மான்ர பக்கம்?” (இதை நான் மாமியைவிட நன்றாக மூக்கால் இழுத்துச் சொல்லுவேன்.) மூன்றாவது கேள்வியில் அவருடைய தாயாரின் ஊர் முரசுமோட்டை என்று வந்தது. நான்காவதில் அவர் மாமிக்கு மருமகன் முறை.

பின்னேரம் ஒழுங்கையே மருமகனைப் பார்க்க வந்தது. ஒரு வீட்டு இடியப்பம், ஒரு வீட்டுப் புட்டு, ஒரு வீட்டுக் கூழ். எதையும் மறுக்க முடியாது. மறுநாள் விடிய அவர் குசினி வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி, இஞ்ச சொந்தக்காரர் இல்லாத இடம் எங்கயும் இருக்கோ?”

இருமல்

அவர்கள் சொன்ன நாளுக்கு முந்தியே போனார்கள். அப்பா அறைக்குள் நின்று எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று கண்ணால் அளந்தார். அந்தக் கவலைக்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளிமார் வர, எங்கள் ஒரே சேவல் கறியானது. விளம்பரம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை ரொறன்ரோவில் இருந்து ஒரு ரீச்சர் வந்தா. பத்து நாள் தங்குவா. பிடித்தால் தன் சிநேகிதிகளையும் அனுப்புவா. அம்மா என்னைப் பார்த்தா. பள்ளிக்கூட அதிபர், பஸ் கொண்டக்டர், அம்மா என்று எல்லாரையும் போலக் கதைத்து அடி வாங்கிய தொண்டைக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. விடிய ஐந்து மணிக்கு ஜன்னலடியில் குந்தியிருந்து கூவினேன். காலைச் சாப்பாட்டில் ரீச்சருக்கு ஒரே சந்தோசம். “அருமையான சேவல், பிள்ளை. ஆனா கூவிப்போட்டு இருமுது, மருந்து ஏதும் குடுங்கோ.”

சண்டை

ரீச்சரை நான் ஏமாற்றினேன். எட்டு மணிக்கு முன் கூவியே அறியாத பரமேஸ் மாமியின் சேவலையும் ஏமாற்றினேன். ஒழுங்கையில் புதுச் சேவல் ஒன்று வந்திருக்கிறதென்று அது நான்கு நாள் கேட்டுப் பொறுத்தது. ஐந்தாம் நாள் நான் இரண்டாவது தரம் கூவும்போது வேலி பாய்ந்து வந்து காலில் கொத்தியது. “ஐயோ அம்மா!” என்று முதல் தடவையாக என்னுடைய சொந்தக் குரலில் கத்தினேன்.

ஜன்னல் திறந்தது. கீழே நான், என் பாவாடையைக் கவ்வியபடி எதிரி. ரீச்சரின் கையில் பதிவு செய்துகொண்டிருந்த போன். வைஃபை போய்விட்டது என்றே நினைத்தேன். அவா என்னைப் பார்த்தா, சேவலைப் பார்த்தா, பிறகு போனை நிறுத்தாமலே கேட்டா: “பிள்ளைக்கு மயிலும் ஏலுமோ?”

இப்போது ரீச்சரின் சிநேகிதிகள் வருகிறார்கள், வைஃபையும் ஓடுகிறது. அம்மாவின் புது விளம்பரத்தில் “வீட்டு வளவில் சேவலும் மயிலும் உண்டு” என்று இருக்கிறது. இரண்டும் நான்தான்.