மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜுக்காக வரைந்த படம்

கல்முனைக்குடி ஷரிபுதீன் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்தாளராக இருந்தார். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவார். அந்த ஆங்கிலம்தான் அவரை மாட்டிவிட்டது.

1983 தொடக்கத்தில் பொத்துவிலுக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர் பெருகிக்கொண்டிருந்தார்கள். ஊரை ஒட்டிய அறுகம்பேக் கடற்கரையெங்கும் புதிது புதிதாக விடுதிகள் எழுந்தன. பலவற்றில் மின்சாரம் இல்லை. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த கிளாவுஸ் என்பவர் அதைப் பார்த்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய கம்பனி மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜ் செய்தது. ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் முகவர் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார், ஷரிபுதீன் சம்மதித்தார். எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம், ஜெனரேட்டர் உண்டா, லொறி எதுவரை போகும், தோணியில் கொண்டுவந்து இறக்கலாமா என்று ஒவ்வொரு விடுதியிலும் கேட்டுக் கொப்பியில் எழுதினார். கரையின் படத்தையும் அழகாக வரைந்தார்.

அந்த யூலையில் இனக்கலவரத்தில் நாடு பற்றியெரிந்தது. வெள்ளைக்காரர் வரவு அருகிப்போனது. ஆனால் கம்பனி விடவில்லை. நிலைமை சீரானதும் பிரிட்ஜோடு முதலில் போய் நிற்பது தாங்களாக இருக்கவேண்டும், விபரங்களைப் புதுப்பித்து அனுப்புங்கள் என்று 1985இல் கடிதம் வந்தது.

"இந்தக் காலத்துல ஆர்ர வீட்ட எத்தின அறை கிடக்கு எண்டு கேட்டுத் திரியிறதா? போகாதீங்க" என்றாள் மனைவி றஹீமா.

"பிரிட்ஜ் விக்கிறதுக்கு என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பொத்துவிலுக்குச் சற்று முன்னால் சீருடைக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். ஒருவன் அவருடைய பையைத் திறந்து கொப்பியை விரித்தான். கிணறுகள், லொறி போகும் ஒழுங்கைகள், தோணி ஒதுங்கும் இடங்கள். தாம் வரைந்த படத்தை ஷரிபுதீன் அப்போதுதான் அவனுடைய கண்களால் பார்த்தார். தாக்குதலுக்கு இயக்கக்காரர் வரைந்த படம்போல இருந்தது.

மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அவரை நிறுத்திவிட்டு பஸ் போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி ஆங்கிலம் தெரிந்தவர். "பிரிட்ஜா? கிணறு எதற்கு? தோணி எதற்கு?" என்று மூன்று தடவை கேட்டார். ஷரிபுதீன் சொன்ன பதில் ஒவ்வொரு தடவையும் அவருக்கே பொய்போலக் கேட்டது. கம்பனிக் கடிதம் வீட்டு மேசையில் கிடந்தது.

கொப்பியில் முதலாவதாக இருந்த விடுதிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். அதன் சொந்தக்காரர் மசூரின் வீட்டில் ஷரிபுதீன் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். மசூர் துப்பாக்கிகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"இவர எனக்குத் தெரியா."

முடிவு வந்துவிட்டதென்று ஷரிபுதீன் கலிமாவை ஓதத் தொடங்கினார். நடுவில் வரி மறந்துபோயிற்று.

அடுத்த விடுதியில் சமையல்காரி சல்மா உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான், தலைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இவர் பிரிட்ஜ்காரர்தானே!" என்றாள். சந்தையில் பழகிய சிங்களத்தில் அதிகாரிக்கும் சொன்னாள். "என்ட ஐஸ் பெட்டிக்குள்ள தலையப் போட்டு மணந்து பாத்தவர். மீன் எத்தின நாள் கிடக்கும் எண்டு கேட்டவர். பெட்டிய வைக்கிறதுக்குக் குசினி வாசலையும் அளந்தவர்." உள்ளே போய், முன்பு கிளாவுஸ் கொடுத்துவிட்டுப் போன வர்ண விளம்பரப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளைக்காரப் பெண் பிரிட்ஜைத் திறந்தபடி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். கொப்பியில் கரையின் படமிருந்த தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை எறிந்தார். "போ."

மறுநாள் ஷரிபுதீன் கம்பனிக்கு ஒரே வரி தட்டினார்: இங்கே சந்தை இல்லை. ஆனால் அதன் பிறகும் பல மாதங்களுக்கு, ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டாலே சோற்றில் கை வைக்கமாட்டார். அவர்கள் கொண்டுபோன தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மசூர் கல்முனைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பயந்திட்டன் ஷரிபுதீன் காக்கா. பிள்ளைகள் உள்ளுக்கு இருந்ததுகள்."

"உள்ள வாங்க. நானாயிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பன்" என்றார் ஷரிபுதீன்.

அது உண்மையா என்று அவருக்குத் தெரியவில்லை. றஹீமா தேநீர் கொண்டுவந்தாள். ஷரிபுதீன் முதல் கோப்பையை எடுத்து மசூரிடம் நீட்டினார்.