நீல முள்பூவும் பின்பக்கத் துண்டும்

வெயிலக்கா என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "வெயிலக்கா வரலையா?" என்று கேட்டாள். "தம்பி வர்ற இடத்துக்கு அவ எப்படி வருவா?" என்றாள் இன்னொருத்தி. கத்தியை வைத்துவிட்டு எல்லாரும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் கதை அன்றைக்குப் பாதிதான் கிடைத்தது. மீதி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

அவள் கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். லாரி ஓட்டுகிறவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு தடவை சரக்கு ஏற்றிக்கொண்டு போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. எந்த ஊரில், யாரோடு இருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்து, மறு வாரமே செடி விற்கும் நர்சரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அங்கேதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. செடி வாங்க யார் வந்தாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல வெயில் எந்தப் பக்கம் விழுது?" என்பாள். வந்தவர் முழிப்பார். "இத்தனை வருஷமா குடியிருக்கீங்க, வெயில் எங்க விழுதுன்னு பாத்ததில்லையா?"

"நீ செடி விக்கிறியா, சம்பந்தம் பேசுறியா?" என்று முதலாளி கத்துவார்.

அப்பா சாகக் கிடந்தபோது, பிள்ளைகளின் தாய்மாமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: வீடு மகனுக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு இடம் மகளுக்கு. எழுதிக் கொடுக்கவில்லை. தம்பி தலையை ஆட்டினான். அவன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னது எதையும் சொன்னபடி செய்ததில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகத்தான் வரும் என்றான். துண்டில் பாதியை அது விழுங்கிவிட்டது. துணிக்கொடி கொஞ்ச நாளைக்குத்தான் என்றான். கம்பம் துருப்பிடித்து அங்கேயே நிற்கிறது. மிச்சம் இருந்தது ஒரு கட்டில் போடுகிற அளவு இடம், அதற்கு மேல் கொஞ்சம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே வெயில் அசையாது.

அந்த மிச்சத்துக்குத்தான் அவள் விதை கொண்டுவந்தாள். நர்சரிக்கு வந்த விதைப் பொட்டலங்களோடு, யாரும் கேட்காத ஒரு பொட்டலம் சேர்ந்து வந்திருந்தது. மேலே படம். பூ நீலம், பூவைச் சுற்றியிருந்த முள் நீலம், தண்டுகூட நீலம். தகரத்தில் வெட்டி வைத்த மாதிரி இருந்தது.

முதலாளி திருப்பிப் பார்த்தார். "மூணாவது வருஷம்தான் பூக்குமாம். அதுவரைக்கும் எவன் தண்ணி ஊத்துவான்? எடுத்துட்டுப் போ."

ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் தானாகவே எழுந்து பூக்கிற சாதி அது. ஆனால் விதை முளைக்க முதலில் குளிர் படவேண்டும். ஈரமணலில் கலந்து, ஒரு டப்பாவில் போட்டு, பிரிட்ஜில் வைத்தாள். தம்பி மனைவி திறந்து பார்த்தாள்.

"அக்கா, பாலுக்குப் பக்கத்துல சேறு வெச்சிருக்கீங்க. என்னைக்காவது ஒரு நாள் காபியில கலக்கிடப் போறேன்."

"கலந்து குடி. உள்ள ஏதாவது நல்லது முளைக்கட்டும்."

போட்ட விதையில் பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததை, கல்லும் மணலுமாக அவளே கொத்திப்போட்ட இடத்தில் நட்டாள். முதல் வருஷம் தரையோடு ஒட்டிய இலைகள்தான். இரண்டாவது வருஷமும் அதே இலைகள், கொஞ்சம் அகலமாக. வளர்ச்சியெல்லாம் கீழே. முள்ளங்கி மாதிரி ஒரே வேர் நேராக இறங்கும். அதைக் கிளறினால் செடி பிழைக்காது. நர்சரிக்கு வருகிறவர்களிடம் இப்படிப்பட்ட செடிகளைக் காட்டி, "நட்டது நட்டதுதான். அப்புறம் இடம் பிடிக்கலைன்னு தூக்கிட்டு அலையாதீங்க" என்று அவளே எச்சரித்து அனுப்புவாள்.

அந்த நேரத்தில் தம்பி மகனுக்குப் பெண் பார்த்தார்கள். புதுசாக ஒருத்தி வந்தால் தனி அறை வேண்டும். துண்டு இடத்தைக் கேட்டார்கள், அவள் மாட்டேன் என்றாள். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடச் சண்டையாகக் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் தாய்மாமனைக் கூட்டிவந்தார்கள்.

"அது என்ன செடி, மாமா? பேர் தெரியாது, பூவும் கிடையாது" என்றான் தம்பி. "அதுக்காக என் மகன் கூடத்துல படுக்கணுமா?"

"வர்ற கோடையில பூக்கும்" என்றாள் அவள்.

"பூத்தா இடம் உன்னோடது. நான் வாயே திறக்க மாட்டேன். கோடை முடியிற வரைக்கும் பூக்கலைன்னா அறை கட்டுவேன், நீ வாய் திறக்கக் கூடாது."

"சரி."

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பூவை வெச்சு நிலம் பிரிக்கிற குடும்பத்தை இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

குளிர் வந்ததும் இலைகள் கருகி மறைந்தன. அது வழக்கம்தான். குளிர் போய் வெயில் ஏறியது. களை முளைத்தது, தொட்டி ஓரத்தில் புல்கூட எழுந்தது. அவளுடைய இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. இந்தச் சாதி மற்றதெல்லாம் எழுந்த பிறகுதான் எழும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குனிந்து பார்த்தாள்.

"அக்கா, மண்ணு நல்லா வளருது" என்றாள் தம்பி மனைவி, துணி உலர்த்திக்கொண்டே.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தாள். துண்டு இடத்தின் ஓரத்தில் செங்கல் அடுக்கியிருந்தது, பக்கத்தில் மணல் குவியல். வீட்டில் யாரும் இல்லை. தம்பி டிப்போவில், அவன் மனைவி மகனோடு அம்மா வீட்டில். அவளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது, துணிக்கொடி ஞாபகம் வந்தது. காலையில் கொத்தனார் வந்து கால் வைத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. பூந்தொட்டியில் மாற்றினால் ஒன்றிரண்டாவது பிழைக்கும் என்று நினைத்தாள். தொட்டிகளை எடுத்துவந்து, செடி தோண்டுகிற கரண்டியை மண்ணில் இறக்கினாள்.

முதல் வேர் பாதியில் உடைந்தது. அதன் தலையில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே, நகக்கண் அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாக முளைகள் நின்றன. உயிரோடுதான் இருந்திருக்கிறது. அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் தோண்டினாள். ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

தம்பி வந்து தொட்டிகளைப் பார்த்தான்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கே?"

"கல்லு இறக்கிட்டியே."

"கல்லு குளியலறைச் சுவத்துக்கு. ஈரம் ஊறுது, விழுந்துடும்னு நீதானே நச்சரிச்சே."

அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டினாள்.

"கோடை முடியிற வரைக்கும்னு மாமா முன்னாடி சொன்னேன். அதுக்குள்ள கல்லு வைக்கிறவன்னா என்னை நினைச்சே?"

"நீ எதைத்தான் சொன்னபடி செஞ்சிருக்கே?"

"இதைச் செஞ்சிருப்பேன்."

அவன் முகம் உண்மையாகவே அடிபட்ட முகமாக இருந்தது. பொய் சொல்லுகிறான் என்று நினைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை.

தொட்டிகளில் முளைகள் கொஞ்ச நாள் பச்சையாக நின்றன. பிறகு அடியிலிருந்து அழுகின. நர்சரிக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினாள். முதலாளி வேரை அமுக்கிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவளாச்சே நீ" என்றார்.

கோடை முடிகிற வரைக்கும் தம்பி காத்திருந்தான். ஒரு நாள்கூட முந்தவில்லை. அவள் போய் மாமாவிடம் நின்றாள். "பூக்கலைன்னு அவன் பிடுங்கலையேம்மா, நீயே பிடுங்கிட்டே. நான் எந்த வாயால அவன்கிட்ட பேசுறது?" என்றார் அவர். அன்றிலிருந்து அவள் தம்பியோடு பேசுவதில்லை. அவன் போகிற விசேஷத்துக்கும் போவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடு வேண்டும் வேண்டாம் என்பதைக்கூடத் தம்பி மனைவி வழியாகத்தான் சொல்வாள்.

அறை எழும்பியது. தம்பி மகன் கல்யாணம் முடிந்து மனைவியோடு அதில் குடிபோனான். நாள் முழுக்க வெயில் சுவரில் விழுந்து, உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. பேன் போட்டால் அனல் காற்றுதான் சுற்றியது. அடுத்த கோடைக்குள் அவர்கள் வேறு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அறையை வாடகைக்கு விடத் தம்பி பார்த்தான்; வந்தவர்கள் மத்தியானத்தில் உள்ளே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் படுத்துக்கொண்டிருந்த உள்ளறை, மகன் விட்டுப்போன பீரோவும் கட்டிலும் அனலில் வெடிக்காமல் வைக்கத் தேவைப்பட்டது. தம்பி மனைவி டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

வெயிலக்கா இப்போது அந்த அறையில்தான் இருக்கிறாள்.