அண்ணன் இளக்கிய கிளட்ச்

மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தது. கல்குவாரி லாரி ஓட்டுநர் போனில் சொன்னார்: இரண்டாவது வளைவில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, அண்ணனுக்குப் பேச்சு மூச்சு இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணன் மெக்கானிக். அவருடைய வீடு மேட்டில் இருக்கிறது. தார் ரோடு கிடையாது. அந்தக் கரட்டுப் பாதைக்கென்றே ஒரு நாலு சக்கர வண்டியைத் தட்டிக்கொட்டி வைத்திருந்தார். அண்ணிக்கு முதுகெலும்பு முறிந்தபின் அதுதான் ஆம்புலன்ஸ். வாரம் தவறாமல் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் கால் நடைக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே சக்கரத்தை வெடுக்கென்று பிடிக்கும். பின்னால் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அண்ணிக்கு ஒவ்வொரு உலுக்கலிலும் உயிர் போய் வரும். போன மாதம் சொல்லிவிட்டார்: “இனி நான் வரல. கொல்றதுன்னா இங்கயே கொன்னு போட்டுடுங்க.”

அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். பழைய கிளட்சைக் கழற்றி ஸ்லிப்பர் கிளட்ச் மாட்டினார். சக்கரம் எஞ்சினைத் திருப்பித் தள்ளும்போது அது சற்றே வழுக்கிக் கொடுக்கும், உலுக்கல் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்க்க, தானே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார்.

“என்னடா, கல்லு லோடா இறக்குற? உங்கண்ணி படுத்திருக்கான்னு நெனச்சு ஓட்டு.”

“அண்ணி இவ்வளவு கனம் இல்லண்ணா.”

“வாயை மூடிட்டுப் பாதையைப் பாரு.”

கீழே வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “இன்னும் குத்துது” என்பார். கிளட்சுக்கு அதைவிட இளக்கமான ஸ்பிரிங் போடுவார். உலுக்கல் குறையக் குறைய, எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் குறைந்தது. பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழுந்தது. கடைசியாக இறங்கியபோது தீய்ந்த வாடை அடித்தது.

“ரொம்ப இளக்கிட்டீங்கண்ணா. இறக்கத்துல நிக்காது.”

“தெரியும்டா. அவளுக்கு வலிக்காம இருக்கணுமே.”

ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தைய பகல், நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அண்ணியின் எடைக்கு மணல் மூட்டைகளை ஸ்ட்ரெச்சரில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறார். வண்டி கவிழ்ந்த இடத்தில் மூட்டைகள் ஒன்றுகூடக் கட்டு அவிழாமல் கிடந்தன.

அண்ணியைக் கீழே இறக்க முடியாது. அதனால் அண்ணனை நாங்கள் மேலே தூக்கிப்போனோம். அண்ணி வெகுநேரம் முகத்தையே பார்த்தார். “அந்த வலியோடயே வந்திருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

ஆஸ்பத்திரி நாளும் போய்விட்டது. வண்டி நொறுங்கிவிட்டது. ஆட்களைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாட்டுவதற்கு முன் புது கிளட்ச் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப்போடுவது அண்ணனின் வழக்கம். பட்டறை மேசையில் ஒரு தட்டில், அடுத்த முறை மாற்றிப்போட, சில பிளேட்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. மீதி இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன.