ஈசானிய மூலைக்குப் போன தண்ணீர்

ஈரத் தரையில் மனிதனின் கால் எப்போது வழுக்குகிறது என்ற கேள்வியை எழுபத்திரண்டு வயதில்தான் நான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டேன். அதற்கு முன் முப்பத்தைந்து வருடம் பாலமும் கால்வாயும் கட்டியவன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணக்குப் போடத் தெரியும். அது போன பிறகு தரையில் மிஞ்சுகிற மெல்லிய ஈரத்தின் மேல் ஒருத்தி நடந்து வருவாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒருவருக்குப் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தோட்டத்துக்குள் நான்கு அறைகள் வைத்து ஒரு விடுதி கட்டினார். நீச்சல் குளமும் வேண்டுமென்றார். குளத்தை வெளியூர் ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சுற்றி வரும் தளத்தை மட்டும், "நீங்க பாத்துக்கங்கண்ணே, வேற ஆள்கிட்ட விட்டா மனசு கேக்காது" என்று என்னிடம் விட்டார். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்காத காலம் அது. காலையில் அவருடைய ஜீப் வாசலில் வந்து நிற்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். விடுதி வடக்கே, குளம் தெற்கே. நிலம் தென்கிழக்காகச் சரிந்து கீழே ஓடையில் முடிகிறது. விடுதியிலிருந்து வரும் நடைபாதை தளத்தைத் தொடுவது வடகிழக்கில், ஈசானிய மூலையில். அந்த மூலையில் ஒரு பலாமரம். அதன் நிழலில் வெயில் விழுவதே இல்லை.

"அண்ணே, தண்ணி வடியுற வாட்டத்தை ஈசானியத்துக்குத்தானே குடுக்குறீங்க?" என்று கேட்டார் வியாபாரி.

"நிலம் தென்கிழக்கால்ல சரியுது. தண்ணி அங்கிட்டுத்தான் போகப் பாக்கும்."

"அது அக்கினி மூலைண்ணே. அக்கினியில தண்ணிய விட்டா எடம் வெளங்குமா? உங்களுக்குத் தெரியாததா?"

ராசிங்காபுரத்துக் கொத்தனார் ஒருவர், என்னோடு பல வேலை பார்த்தவர், பக்கத்தில் நின்று மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரி நகர்ந்ததும், "தண்ணிக்கு வாஸ்து தெரியாது சார். ஆனா நீங்க எங்கிட்டுச் சொன்னாலும் வாட்டம் போட்டுருவேன்" என்றார். நான் சிரித்தேன். பிறகு ஈசானியத்துக்கே போடச் சொன்னேன். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. இல்லையென்று சொன்னால் மறுநாள் ஜீப் வராதோ என்ற பயம் இருந்தது. அவ்வளவுதான் காரணம். வானம் தெரிகிற மாதிரி பளபளவென்று கறுப்புக் கல் வேண்டுமென்று அவர் கேட்டதற்கும் அதே காரணத்தால் தலையாட்டினேன்.

சாரல் பிடித்ததும் தளம் முழுவதின் தண்ணீரும், நான் கொடுத்த வாட்டப்படி, பிசகாமல், நடந்து வருகிறவர்களின் காலடிக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் வெளியேற அங்கே வைத்த ஓட்டையைப் பலா இலை அடைத்தது. இரண்டு வாரத்தில் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி. விரலால் தேய்த்தால்தான் பச்சை ஒட்டியது.

விடுதியில் கூட்டிப் பெருக்கிக் காப்பி கொடுக்க ஒரு அம்மாள் இருந்தார். வயது ஐம்பதுக்குள். இருபது வருடத்துக்கு மேல் மலைச்சரிவில் ஏலக்காய் எடுத்தவர். நாள் தவறாமல் வேலை கிடைக்குமென்று இங்கே வந்திருந்தார். ஒரு நாள் என்னிடம், "அய்யா, இந்த மூலையில கால ஊன முடியல" என்றார்.

"பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ம்மா."

"தேச்சுட்டுத்தான் சொல்றேன். தேச்சா இன்னும்ல வழுக்குது."

நான் விரிசல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

ஆவணி மாதம் ஒரு காலை, காப்பித் தட்டோடு வந்தவர் அந்த மூலையில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நானும் அன்று அங்கே இருந்தேன். வியாபாரி ஓடிவந்து, "எப்படிண்ணே?" என்று கேட்டார். "செருப்பு தேஞ்சு போயிருக்கும்" என்றேன். அந்தச் செருப்பை நான் பார்க்கவே இல்லை. எப்படி அவ்வளவு சீக்கிரம் அந்த வாக்கியம் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"அதானே, நீங்க போட்ட தளத்துல என்ன கொறை வந்துரப்போகுது" என்றார் அவர். வைத்தியத்தை அவரே பார்த்தார். கை கூடியதும், இனிமேல் வர வேண்டாம், கவனம் போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அம்மாள் விழுந்து இரண்டு மாதம் கழித்துக் கொத்தனார்தான் மீதியைச் சொன்னார். அந்த அம்மாள் பழையபடி தோட்டத்து வேலைக்குக் கேட்டிருக்கிறார். ஜீப்பில் ஆட்களை ஏற்றிப் போகிற கங்காணி சேர்க்கவில்லை. "சமதரையில விழுந்தவ சரிவுல எப்படி நிப்பான்னு கேக்குறாராம் சார். ஜீப்பு பூரா அந்தம்மாவப் பழிச்சுச் சிரிப்பாணியா இருக்கு. கூடையேந்தி மலையேறுனவ கோப்பையேந்தி விழுந்துட்டான்னு."

அன்றே அந்த அம்மாளைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நானோ ஆராய்ச்சியில் இறங்கினேன்.

வீட்டு மொட்டை மாடியில் கற்களை வரிசையாகப் பரப்பினேன். பளபளத்த கறுப்புக் கல், நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய சாம்பல் நிறக் கல், கூழாங்கல் பதித்த பலகை, ஒரு துண்டுத் தேக்கு. ஐப்பசி மழை நனைத்தது, இடையிடையே வெயில் காய்ச்சியது. நடுப்பகலில் கறுப்புக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. "முட்டை இருந்தா கொண்டாங்க சார், ஆம்லேட் போட்டுரலாம்" என்றார் கொத்தனார். கூழாங்கல் நன்றாகப் பிடித்தது, ஆனால் உள்ளங்காலைக் குத்தியது. தேக்கு நான்கு மழையில் ஓரம் தூக்கிக்கொண்டு வளைந்தது.

பிறகு, மணல் நிரப்பிய ஈரத் தோல்பையைக் கல்லின் மேல் வைத்து, கல்லின் ஒரு முனைக்கு அடியில் மரத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, எந்த உயரத்தில் பை நழுவுகிறது என்று குறித்தேன். பாசி பிடித்த பளபளப்புக் கல்லில் இரண்டாவது துண்டிலேயே நழுவியது. சொரசொரப்புக் கல்லில் எட்டு வரை அசையவில்லை. என்ன ஒரு சந்தோஷம் எனக்கு! இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெண்ணின் கை முறிந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நான் குதூகலமாக இருந்தேன்.

ஒரு நாள் கொத்தனார் பாலித்தீன் பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தார். "அந்தம்மாவோடது. விடுதிக் குழாயடியிலயே கெடந்துச்சு. இதையும் வெச்சுப் பாருங்க."  திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்துக் கோடுகள் கடையில் இருப்பது போலவே இருந்தன. கறுப்புக் கல்லை நனைத்து அதன் மேல் செருப்பை வைத்தேன். மூன்றாவது துண்டில் நழுவிவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் எதையும் அளக்கவில்லை.

மறுநாள் வியாபாரியின் கடைக்குப் போனேன். வாட்டம் தப்பு, கல் தப்பு, அந்த அம்மாளின் செருப்பு தேயவில்லை, நான் பார்க்காமலே சொன்னேன் என்றேன்.

அவர் ஏலக்காயைக் கையில் உருட்டினார். "அப்ப ஈசானியம்?"

"அங்க தண்ணி வேணும்னா ஒரு தொட்டி வெச்சு அல்லிக்கொடி விடுங்க. ஆள் நடக்கிற எடத்துல வேண்டாம்."

"அது முடியும்" என்றார், கொஞ்சம் நிம்மதியாக. "அந்தம்மாவ வேலைக்கு வரச் சொல்லுங்க. ஆனா இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும்ணே. விருந்தாளிக வர்ற எடம்."

மழை விட்டுத் தை மாதம் தளத்தை உடைத்துத் தென்கிழக்காக வாட்டம் கொடுத்தோம். மலைப் பக்கத்திலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீருக்குத் தனியாகக் கால்வாய். வெயிலில் கல் விரிவதற்கு இடைவெளி, வெளிர் நிறச் சொரசொரப்புக் கல். முதல் தடவையே செய்திருக்கக்கூடிய வேலை. ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று கடையிலிருந்து நேராக அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். வியாபாரியிடம் சொன்னதையெல்லாம் வாசலில் நின்றே சொன்னேன். அவர் இடது கையால் சுளகைப் பிடித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்புப் போடச் சொன்னதே மொதலாளிதான்யா" என்றார். "விருந்தாளிக பாக்குறாகன்னு. மலையில வெறுங்காலு. பெருவிரல ஊனி, மண்ணு நகருதான்னு பாத்துட்டுத்தான் குதிகால வைப்போம். அந்தக் கல்லுல விரலு எதப் பிடிக்கும்?"

இத்தனை வருடப் படிப்பில் இதை நான் கேள்விப்பட்டதில்லை. இன்னும் கேட்க ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டு, விடுதியில் திரும்ப வேலை உண்டு என்றேன்.

"அந்தச் சோலி வேணாம். நான் மலைக்குப் போகணும். எங்கிட்டச் சொன்னத ஜீப்புல சொல்வீங்களா?"

நமக்குள் இருக்கட்டும் என்று வியாபாரி சொன்னது ஞாபகம் வந்தது. சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஜீப் கிளம்பும் இடத்துக்குப் போனேன். பின்னால் பதினைந்து பெண்கள், தூக்குச் சட்டிகளோடு. முன்னால் கங்காணி. நான் ஏறியதும் ஒருத்தி, "ஏத்தா, தள்ளி உக்காரு, தாத்தாவும் காயெடுக்க வருது" என்றாள். வண்டி ஊரைத் தாண்டியதும், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்தத் தரையைப் போட்டவன் நான். தண்ணீரைத் தப்பான பக்கம் திருப்பியவன் நான். செருப்பு தேய்ந்தது என்று பொய் சொன்னவனும் நான்தான்.



"இம்புட்டுப் படிச்சும் தண்ணி எங்கிட்டுப் போகும்னு தெரியலையாக்கும்?" என்றாள் ஒருத்தி.

"தெரியும்மா. தெரிஞ்சேதான்."

"அடேயப்பா! தெரியாமச் செஞ்சிருந்தாக் கூடத் தேவலையே" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. மூன்று கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சிரித்தார்கள். கங்காணி திரும்பாமலே, "நாளைக்கு வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

அடுத்த நாள் அந்த அம்மாள் போனார். சாயங்காலம் ஜீப் திரும்பும் இடத்தில் காத்திருந்தேன். முழங்கால் வரை செம்மண்ணோடு இறங்கினார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"சரிவெல்லாம் பழையபடிதான்யா. இந்தக் கைதான் திரும்ப மாட்டேங்குது. கூட வந்தவளுக எடுத்ததுல பாதிகூட எடுக்கல. பாதிக் காயிக்கு எத்தன நாளு கூட்டிட்டுப் போவாரோ தெரியல."

நான் ஜீப்பின் படியை மறித்து நின்றிருந்தேன்.

"நகருங்கய்யா, பின்னாடி ஆளு எறங்கணும்" என்றார்.

நகர்ந்து நின்றேன்.