கோட்டுக்கு மேலே யார் முதலில்

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்தின் முகம் பார்த்துப் பொறுக்குவேன். ஆளை அடையாளம் காண ஜாதகமா பார்க்கிறோம்? ஜன்னலோரம் என் இடம். அங்கே வேறு யாரையும் நிற்க விட்டதில்லை.

காலேஜ் வாத்தியார் ஒருவர் சின்ன இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அச்சடிக்கக் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோடு; கோட்டுக்கு மேலே இரண்டு மூன்று வரி, கீழே ஒரு வரி. மேலே இருப்பதெல்லாம் சரி என்றால் கீழே இருப்பதும் சரி, கம்ப்யூட்டரில் எது எண், எது எழுத்து என்று வகை கண்டுபிடிப்பது அப்படித்தான் என்றார்.

"வகை கண்டுபுடிக்க இத்தன கோடுங்களா? ஒரு ஆளு என்ன வகைன்னு தெரிய எந்தத் தெருன்னு கேட்டா முடிஞ்சுதுங்களே" என்றார் முதலாளி. வாத்தியார் சிரிக்கவில்லை.

நான் தாளில் இருந்தபடியே கோர்த்தேன். முதலாளி வந்து, கோட்டுக்கு மேலே இருப்பவற்றில் சின்ன வரி முதலில், பெரிய வரி அதன் கீழே இருந்தால்தான் கோபுரம் மாதிரி அழகு என்று மாற்றவைத்தார். ப்ரூஃப் பார்த்த வாத்தியார் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி கோர்த்தேன். மறுபடி கோபுரம். மறுபடி சிவப்பு.

"இன்னொரு வாட்டி திரும்பி வந்துச்சுன்னா நீ காயிதம் மடிக்கப் போயிரு. ஜன்னலுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்" என்று பழியை என் தலையில் வைத்தார் முதலாளி.

வாத்தியார் நேரிலேயே வந்துவிட்டார். முதலாளி அவரை மடக்கினார்.

"வரிசை மாறுனா உங்க கணக்கு தப்பாயிருமுங்களா?"

"இல்லீங்க, கணக்கு அதேதான். ஆனா இந்த வரிய மொதல்ல பாத்தாத்தான் படிக்கிறவங்களுக்கு அடுத்தது வெளங்கும்."

"கணக்கு அதேதானாம்! கேட்டுக்க!" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க மொதலாளி, உங்க மக கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்கு மேல உங்க தம்பி பேரு வந்துட்டுதுன்னு கட்டுக் கட்டா அடுப்புல போட்டீங்களே. அப்படியே உட்டிருந்தா தாலி கழுத்துல ஏறியிருக்காதுங்களா?"

மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவர் காலை நிறுத்திவிட்டார். வாத்தியாருக்கு இருமல் வந்தது.

"அது எங்க வூட்டு விசயம்."

"இது அவரு வூட்டு விசயமுங்க."

"அவரு சொல்றபடியே போட்டுத் தொலை" என்று முதலாளி டீ குடிக்கப் போனார்.

அவர் திரும்பி வந்து கை வைக்காதபடி, வாத்தியார் எது முதல், எது அடுத்தது என்று வரிக்கு வரி பென்சிலில் அ, ஆ, இ போட்டுக் கொடுத்தார். அந்த ப்ரூஃப் திரும்பி வரவில்லை. நானும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எந்த வரி அண்ணன், எந்த வரி தம்பி என்று இன்றைக்கும் சொல்வேன்.