இத்தா வீட்டுக் கோழிகள்

1. முப்பத்தெட்டாம் நாள்

பதினான்கு கோழிகளில் ஒன்றுகூட முட்டையிடவில்லை என்று நசீறா எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னது, அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ஹலீமாவின் கணவர் இறந்த முப்பத்தெட்டாம் நாள். அந்த நாள் கணக்கைப் பல மாதங்கள் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன். அன்று என் களக் குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான்: "சாய்ந்தமருது. நாட்டுக்கோழி 14. முட்டை நின்று மூன்று கிழமை."

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டின் மாரி அது. கோழித்தீன் மூட்டையின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கூட்டில் லேயர் எனும் முட்டைக்கோழி வளர்த்தவர்கள் பலர் அதைக் கைவிட்டு, வீட்டைச் சுற்றிய வளவில் மேயும் நாட்டுக்கோழிக்குத் திரும்பியிருந்தார்கள். நான் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர். மிருக வைத்தியர் அல்ல. ஆனாலும் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை எல்லோரும் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் சில வருடங்கள் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

"டொக்டர், ராத்தா இத்தால இருக்கா. அந்த முட்டய வித்துத்தான் அவட செலவு. நான் சோறு கறி அனுப்பினாலும், 'ஒன்ட புள்ளையளுக்கு வெய்கா' எண்டு திருப்பி அனுப்புறா."

"வயசென்ன?"

"ராத்தாக்கா?"

"கோழிக்கு."

நசீறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரெண்டு, மூணு இருக்கும். ராத்தாட வயசக் கேட்டிருந்தா எனக்கு அடிதான் கெடச்சிருக்கும்."

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களைக் காணாமல் வீட்டோடு இருப்பது இத்தா. ஹலீமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நான்கு மாதத்தில் வாசலைத் தாண்டாமல் சம்பாதிக்க அவரிடம் இருந்தவை அந்தக் கோழிகள் மட்டுமே. அயலவர்கள் வீட்டுக்கு வந்து முட்டை வாங்கிப் போவார்கள்.

2. இரண்டு விரல்

மறுநாள் பிற்பகல் 3.40க்கு அந்த வளவுக்குள் போனேன். முன்னால் நசீறாவின் வீடு, பின்னால் ஹலீமாவின் வீடு. உள்ளறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே கோழிக்கூட்டுக்குப் போனேன். மார்க்க முறை தெரிந்த மனிதர் என்று அங்கே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

செய்யவேண்டியவற்றைச் செய்தேன். ஒளித்து இடுகிறதா என்று விறகுக் குவியலையும் வேலியோரப் பற்றையையும் கிளறிப் பார்த்தேன். பாம்போ கீரியோ முட்டை குடித்த அடையாளம் இல்லை. இறகைப் பிரித்துச் செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன், பெரிதாக இல்லை. அடைக் கோழியும் இல்லை. கொண்டை எல்லாவற்றிலும் வெளிறிச் சுருங்கியிருந்தது. சிலவற்றில் கழுத்து இறகு உதிர்ந்திருந்தது.

"தீன் ஏதும் மாத்தினீங்களா?"

"இல்ல டொக்டர். ராத்தா சொன்ன மாதிரி காலையில குறுணல் அரிசி, பின்னேரம் குறுணல். நான்தான் போடுறன்."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னது:

"அவர் மவுத்தானது கோழிக்கும் வெளங்கிட்டுகா. அண்டையில இருந்துதான் கொறஞ்சி கொறஞ்சி வந்து நிண்டது. டொக்டர்ட்டச் சொல்லு."

நசீறா கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். திரைக்குப் பின்னாலும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்:

"கோழிக்கு அவ்வளவு மூள இல்ல எண்டு சொல்லுங்க."



ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, பின்புறத்து இடுப்பெலும்புகளின் நடுவே விரல் வைத்துப் பார்த்தேன். இட்டுக்கொண்டிருக்கும் கோழியில் அந்த இடைவெளியில் இரண்டு, மூன்று விரல் தாராளமாக நிற்கும். நிறுத்திய கோழியில் ஒரு விரல்கூட இறுகும். பத்துக் கோழிகளில் ஒரு விரலும் கொள்ளவில்லை. வயது குறைந்த நான்கில் மட்டும் சற்று இடம் இருந்தது. இடாத கோழியைக் கண்டு கழிப்பதற்கு எங்கள் பயிற்சியில் கல்லிங் என்று பெயர். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

"இந்தப் பத்துக் கிழவியளும் பென்சன் எடுத்திட்டாளுகள். வித்திடுங்க. சும்மா குறுணல் திண்டு கொண்டுதான் இருக்கும். மத்த நாலையும் வெச்சிப் பாருங்க."

"டொக்டருக்கு எப்ப பென்சன்?" என்றார் நசீறா.

"எனக்கு இன்னும் ரெண்டு வரிசம் கிடக்கு. நான் நல்லா முட்ட போடுறன்."

3.55க்குப் புறப்பட்டேன். இரண்டு நாளில் கோழி யாவாரி மோட்டார் சைக்கிளில் வந்து பத்தையும் கட்டிக்கொண்டு போனதாக அறிந்தேன். குறிப்பேட்டில் காரணம் என்ற இடத்தில் "வயது, மாரி, இறகு உதிர்தல்" என்று எழுதிக் கோடிட்டேன்.

3. பெருநாளுக்குப் பின்

நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஹலீமாவின் இத்தா முடிந்திருக்கிறது. பெருநாள் கழிந்த மறு கிழமை, செவ்வாய்க்கிழமை, என் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். வலது கை விரல்கள் இரண்டில் துணி சுற்றியிருந்தது. குரலைக் கேட்டதும்தான் யாரென்று தெரிந்தது, அன்று திரைக்குப் பின்னால் கேட்ட அதே குரல்.

"சேர், ஒரு விசயம் கேக்க வந்தன். மிச்சம் வெச்ச நாலும் இப்ப முட்ட போடுதுகள். நோன்பு பதினாலில மொத முட்ட. அது ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தீன் போடுறீங்க?"

"அதே குறுணல்தான். ஆனா நான் இப்ப கருவாடு போடுற வீடொண்டில மீன் வெட்டுறன். நோன்பு தொடங்கினதில இருந்து. அந்தக் குடலும் செவுளும் தலையும் கொண்டு வந்து கோழிக்குப் போடுறன்." துணி சுற்றிய விரல்களை மேசை மேல் வைத்தார். "அவரும் அப்பிடித்தான் சேர். மீன் சந்தையில அவர் மீன் வெட்டுறவர். பகல் லுஹர் தொழுதிட்டு வரக்குள்ள ஒரு வாளி நிறையக் கழிவு கொண்டு வருவார். கோழியெல்லாம் வாசல் கேற்றடியில போய் நிக்கும். வாளி வாறது நிண்டு, ரெண்டு மூணு கிழமையில முட்டையும் நிண்டு போய்த்து. ஊட்டுக்குள்ள குந்தியிருந்து எனக்கு அது வெளங்கல்ல. இப்ப அந்த நாலும் போடக்குள்ளதான் வெளங்குது."

எனக்கு அது அதற்கு முன்பே, அவர் வாளி என்று சொன்ன கணத்திலேயே விளங்கிவிட்டது. குறுணலில் மாச்சத்துத்தான் உண்டு. முட்டைக்கு வேண்டிய புரதமும் கல்சியமும் அந்தக் கோழிகளுக்கு மீன் தலையிலும் முள்ளிலும் கிடைத்திருக்கின்றன. அது நின்றதும் உடம்பு முட்டையை நிறுத்தியிருக்கிறது. நோயும் இல்லை, கிழடும் இல்லை. பசிதான். நசீறா பொய் சொல்லவில்லை. மச்சான் இறந்த பிறகுதான் அவர் கோழிக்கூட்டுப் பக்கமே வந்தவர். தான் போடும் தீனைப் பற்றிச் சொன்னார். அவருக்கு முன் யார் போட்டார், என்ன போட்டார் என்று நான் கேட்கவில்லை.

விஞ்ஞானத்தையெல்லாம் விட்டுவிட்டு, "என்ட பிழைதான்" என்றேன்.

"கோழிதானே சேர்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஆம்புளையளோட கதைக்காம இருந்ததுதான். ஆனா நசீறாட்டச் சொல்லி ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்தானே?"

"ஓம்."

"அந்தப் பத்தும் இருந்திருந்தா, நான் இன்னொரு ஊட்டில போய் மீன் வெட்ட வேண்டி வந்திருக்காது." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். விரலில் என்ன என்று கேட்டேன். கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்ததாம்.

அடுத்த குஞ்சு விநியோகத்தில் பெயரைப் போடுவதாகச் சொன்னேன். "போடுங்க" என்றார். "முட்ட போட எவ்வளவு நாள் செல்லும்?"

"மாசக் குஞ்சு. அஞ்சு மாசமாவது செல்லும்."

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

4. இதை வாசிக்கும் உத்தியோகத்தருக்கு

விரல் அளவு பொய் சொல்லாது. கோழி இடுவதை நிறுத்திவிட்டது என்று சரியாகச் சொல்லும். ஏன் நிறுத்தியது, திரும்ப இடுமா என்பதை அது சொல்லாது. அந்த இரண்டையும் நான் விரலிலேயே வாசித்துவிட்டேன்.

வளவுக் கோழி முட்டையை நிறுத்தினால் கோழியைப் பிடிக்க முன் வீட்டைக் கேளுங்கள். கோழிக்குப் போட்ட கை மாறியிருக்கிறதா? வீட்டில் யாரும் வெளிநாடு போனார்களா, வேலையை விட்டார்களா, இறந்தார்களா? மேசையில் மிஞ்சியது, சந்தையிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டார் கொட்டியது எல்லாம் கோழித்தீன்தான். அதற்குப் பிறகு ஒளித்த முட்டையைத் தேடுங்கள், செள்ளுப் பாருங்கள், இறகு பாருங்கள். மீன் கழிவை அவித்துத் தவிட்டோடு பிசைந்து கொடுக்கச் சொல்லுங்கள், சிப்பியை இடித்து ஒரு சிரட்டையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று, நான்கு கிழமை பொறுங்கள். விற்கச் சொல்லும் வார்த்தை கடைசியாக இருக்கட்டும், விற்ற கோழியைத் திருப்பிக் கொண்டுவர எங்கள் திணைக்களத்தில் ஒரு படிவமும் இல்லை.

குஞ்சு வந்தது ஆகஸ்ட் மாதம், இரண்டாம் வியாழக்கிழமை. ஹலீமா பத்துக் குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டார். விரல் ஆறியிருந்தது. நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், ஜனவரியில் முதல் முட்டை வந்திருக்க வேண்டும். ஜனவரியில் இரண்டு முறை அந்தத் தெருவால் போனேன். இரண்டு முறையும் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை. போய்க் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. அந்தக் கோழிகள் முட்டையிடத் தொடங்கிய தேதி என்னிடம் இல்லை.