நெட்ராவின் பதினோராவது மரம்

நெட்ரா காஃப்மனைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் கிரௌஸ் ஓடை என்ற இந்த மலையூரில் முப்பத்தோரு வருஷம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான். மற்றவர்கள் எழுதினால் வெறும் புகழ்ச்சியாகத்தான் இருக்கும். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். நான் மரம் வெட்டினேன். இந்த மலையில் எந்தப் பைன் எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காட்டைப் பற்றி ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தானே வர வேண்டும்? வந்தார்கள், அவள் ஓய்வு பெறும்வரை.

ஓய்வு பெற்றவள் சும்மா இருந்தாளா? எங்கேயோ போய் ஒரு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு, காட்டைக் காப்பாற்றக் காட்டைக் கொளுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நூறு வருஷமாகச் சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்து அணைத்து, பெரிய பைன்களுக்கு நடுவே குட்டி மரங்கள் அடைந்துகிடக்கின்றனவாம். பெருந்தீ வந்தால் அவற்றைப் பிடித்து உச்சிவரை ஏறிவிடுமாம். அதனால் குட்டிகளைக் களைந்துவிட்டு, குளிர்ந்த அக்டோபரில் தரையோடு தரையாகத் தீ விட வேண்டுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு திறமை இருந்தது. அதை மறைத்தால் நான் பொய்யன். இருபத்தெட்டு வருஷம் விடியற்காலையில் பஸ் ஓட்டியவளுக்கு, எந்த வளைவில் காற்று திரும்பும், எந்தப் பள்ளத்தில் மூடுபனி எத்தனை மணிவரை படுத்திருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். வானிலைக்காரர்கள் நாள் முழுக்க மேற்குக் காற்று என்பார்கள். "பத்தரை வரைக்கும்தான். அப்புறம் ஓடைலேருந்து மேல ஏறும்," என்பாள் இவள். ஏறும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஆகஸ்ட்டில் முகட்டைத் தாண்டிப் பெருந்தீ வந்தது. உச்சிக்கு உச்சி தாவி வந்த தீ, அவள் களைந்து கொளுத்திவைத்திருந்த கீழ்ச்சரிவைத் தொட்டதும் தரையில் இறங்கி ஊர்ந்து அடங்கிவிட்டது. அதற்கு நேர் கீழே என் வீடு. அது இன்று நிற்பது அவளால்.

"ஹக்கிள்பெரி கேக் செஞ்சிருக்கேன். நெட்ராகிட்டக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றாள் என் மனைவி ஜோரீன்.

"நீயே போ."

"அவ பேரைச் சொன்னாலே ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது? வீட்டக் காப்பாத்தினது அவ்வளவு பெரிய குத்தமா?"

"ஆமா," என்றேன்.

அதற்குப் பிறகு ஊரே அவள் பின்னால் போனது. தீ வைப்பதற்கென்று ஒரு சங்கம். அதற்குத் தலைவன் மாட்டுப்பண்ணைக்காரன் கிளீவ். ஆனால் தீவட்டியை எப்போது ஏற்றுவது, எங்கே ஏற்றுவது, எல்லாம் நெட்ரா. மூன்று வருஷத்துக்கு முன் மேல்சரிவைக் கொளுத்த முடிவானது. அங்கே பதினோரு கிழட்டுப் பைன்கள், ஒவ்வொன்றும் முந்நூறு, நானூறு வயது. நூறு வருஷத்து ஊசியிலையும் பட்டையும் ஒவ்வொன்றின் காலடியிலும் முட்டியளவு மெத்தையாகக் கிடந்தன. அதற்குள் தீ புகுந்தால் சுடர் தெரியாது. நாள்கணக்கில் கனன்று வேரை வேகவைத்துவிடும். மரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பட்டுப்போகும். அதனால் முன்கூட்டியே அடிமரத்தைச் சுற்றி மண் தெரியும்வரை வாரிவிட வேண்டும்.

"பதினொண்ணையும் லைல் பாத்துக்கட்டும்," என்றாள் நெட்ரா என்னைக் காட்டி. "அவன் வாரினா ஒரு ஊசி மிச்சம் இருக்காது."

மூன்று நாள் முதுகு ஒடிய வாரினேன். "என்னய்யா, மரத்துக்கு முதுகு சொறிஞ்சு விடுறியா?" என்று கிளீவ் கேலி பேசிவிட்டுப் போனான். பத்து மரம் முடிந்து, எல்லாவற்றிலும் பெரியதான பதினோராவதுக்கு வந்தபோது பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நெட்ராவை அந்த மரத்தடியில் நிறுத்தினார்கள். கேமரா வைத்திருந்தவன் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க," என்றான்.

தள்ளி நின்றேன். அவர்கள் போன பிறகு அந்த மரத்தை வாரவில்லை. மேலாகக் கிளறி, மண்ணை அள்ளித் தூவி, வாரியது மாதிரி ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

கொளுத்தும் நாளன்று காலை அவள் ஒவ்வொரு மரமாகப் பார்க்கக் கிளம்பியவள், பாதியில் நின்றாள். "லைல் செஞ்சதுதானே? பாக்க வேண்டாம்," என்று திரும்பிவிட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

தீ அழகாகப் போனது. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்த மரத்தடியில் மட்டும் ஐந்து நாள் மெல்லிய புகை வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் ஊசியிலை பழுத்தது. அப்புறம் உச்சி சிவந்தது. அப்புறம் வண்டு விழுந்தது. மற்ற பத்தும் பச்சைப்பசேலென்று நின்றன.

இந்த ஏப்ரலில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் சங்கம் கூடியது. அடுத்து எந்தச் சரிவு என்று பேச ஆரம்பிக்கும்போதே நெட்ரா எழுந்தாள்.

"அந்தப் பெரிய மரம் செத்தது என் தப்பு. பத்த வைக்கிறதுக்கு முந்தி அடியில பாக்கணும். நான் பாக்கல. இனிமே தீவட்டியத் தொடறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. லைல் நடத்தட்டும். ஆரம்பத்துலேயே அவன்தான் நடத்தியிருக்கணும்."

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "என்னய்யா, வாயடைச்சுப் போச்சா? எந்திரி!" என்றான் கிளீவ்.

எத்தனை வருஷத்து ஆசை! ஒரு தலையாட்டல் போதும். எழுந்தேன். அந்த நேரம் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு இல்லை, அவளுக்கு. தப்பை ஒப்புக்கொண்டாளாம், என்ன மனசு, என்ன மனசு என்று பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடப்பாவிகளா! நான் செய்த தப்பையும் இவள் எடுத்துக்கொண்டு, அதற்கும் கைதட்டு வாங்குகிறாளே! எனக்குத் தாங்கவில்லை.

"அது நான் செஞ்சது!" என்று கத்தினேன்.

"பாருங்கப்பா," என்றான் கிளீவ், "இதுக்கும் போட்டிக்கு வர்றான்!"

கூடமே சிரித்தது. நெட்ரா சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம் வாராம விட்ட?" என்று கேட்டாள்.

"எல்லாப் பக்கமும்தான். முட்டியளவு கெடந்துச்சு. மேல மட்டும் கிளறிட்டு மண்ணத் தூவிட்டேன்."

சிரிப்பு நின்றுபோனது. மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. பொறாமைதான் என்னைப் பேசவைத்தது.

நெட்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம், லைல். ரெண்டு வருஷமா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள். அன்றைக்கே பொறுப்பை மறுபடி அவளிடமே கொடுத்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

மறுநாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். "அந்த மரத்தச் சாய்ச்சுத் துண்டு போட்டு, உன் கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடறேன்," என்றேன்.

"வேண்டாம். மரங்கொத்தி வந்திருச்சு. பட்டமரமும் காட்டுக்கு வேணும்."

நான் நகரவில்லை. அவள் கதவைப் பாதி சாத்திவிட்டு மறுபடி திறந்தாள்.

"மத்த பத்தையும் காலைல போய்ப் பாத்தேன். உன்ன மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் வாரத் தெரியாது. அதான் என்னால ஆறவே முடியல," என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மேல்சரிவு நேரே தெரியும். பத்துப் பச்சை, நடுவில் ஒன்று சாம்பல் நிறம். மரங்கொத்தியைப் பார்க்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். நெட்ராதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாள். ஜோரீன் திரைச்சீலை போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த மாதிரி மரம் பட்ட பிறகும் முப்பது வருஷம் நிற்கும். எனக்கு இப்போது அறுபத்தேழு.